வாசலில் கட்டிய நாய்: காட்டோரக் குடியிருப்பு ஒன்றில் சிறுத்தை நடமாட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

நாய்கள் காணாமல் போவதில் தொடங்கி, கூண்டு வைக்கச் சொல்லி ஊரே திரண்டு, கடைசியில் கூண்டு இல்லாமலே பெருமளவு அடங்கிய ஒரு சிக்கலின் பதிவு இது. கடிபட்ட நாய் ஒன்றுக்குச் சிகிச்சை அளித்த கால்நடை மருத்துவர் என்ற முறையில் எனக்கு இதில் தொடர்பு ஏற்பட்டது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

பின்னணி

காப்புக்காட்டின் எல்லையை ஒட்டி, ஒற்றைத் தெருவின் இருபுறமும் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகள். தெருவின் ஒரு முனை தார்ச்சாலையில் சேர்கிறது. மறுமுனை ஓடையில் இறங்குகிறது. ஓடைக்கு அப்பால் காடு. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஆடு உண்டு. கழிப்பறைகள் வீட்டோடு ஒட்டாமல் கொல்லையில், சில வீடுகளில் முப்பது நாற்பது அடி தள்ளி இருந்தன. இந்தத் தூரம் பின்னால் முக்கியமாகிறது.

சிறுத்தை இந்த ஊருக்குப் புதிதல்ல. ஓடை மணலில் அதன் தடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் அங்குள்ள பெரியவர்கள். எப்போதாவது ஓர் ஆடு போகும்; புலம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊரின் சுற்றுப்புறம்தான் மாறியிருந்தது. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு கோழிப்பண்ணை வந்தது. செத்த கோழிகளும் கழிவும் ஓடைக்கரைப் பள்ளத்தில் விழுந்தன. அதைத் தின்று தெருநாய்கள் பெருகின. தெருவுக்கும் ஓடைக்கும் நடுவே உழவு நின்றுபோன நிலத்தில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டியது. சிறுத்தைக்கு இரையும் கிடைத்தது, இரைக்குப் பக்கத்திலேயே பதுங்க இடமும் கிடைத்தது. பண்ணையைப் பற்றிய புகார் நாற்றத்தைப் பற்றியதாக மட்டுமே இருந்தது. புதரைப் பற்றி யாரும் பேசவேயில்லை.

நாய்கள் மறைந்த வாரங்கள்

மழை ஓய்ந்த பிறகு தொடங்கியது. முதலில் போனவை ஆளில்லா நாய்கள் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. அடுத்து ஒரு வீட்டு நாய் போனபோது யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பேச்சு. பிறகு ஒரு வீட்டு வாசலில் சங்கிலி மட்டும் கிடந்தது. அதன் கொக்கி வளைந்து திறந்திருந்தது. உள்ளே படுத்திருந்த நான்கு பேரில் ஒருவர் காதிலும் சத்தம் விழவில்லை. ஊரைக் கலங்கடித்தது இதுதான். அவ்வளவு பெரிய நாய் ஒரு முறைகூடக் குரைக்காதா?

குரைக்க நேரம் கிடைத்திருக்காது. சிறுத்தை துரத்தி ஓடிப் பிடிக்கும் விலங்கல்ல. சில அடி தூரம் வரை பதுங்கி வந்து, ஒரே பாய்ச்சலில் தொண்டையைக் கவ்வி மூச்சுக்குழாயை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சங்கிலியில் இருக்கும் நாய்க்கு விலகி ஓடவும் வழியில்லை.

இரண்டு மாதத்துக்குள் ஏழு வீட்டு நாய்கள் போயின. பின்னர் வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் போட்டபோது அவற்றில் ஐந்து, வெளியே கட்டிவைக்கப்பட்டவை என்று தெரிந்தது. மீதி இரண்டும் இரவில் கழிவுப் பள்ளத்துக்குப் போய்வரும் பழக்கம் உள்ளவை.

எட்டாவது நாய் பிழைத்தது ஒரு தற்செயலால். அதன் சங்கிலி கதவின் கொண்டியிலேயே மாட்டப்பட்டிருந்தது. சிறுத்தை இழுத்த இழுப்பில் கதவு அதிர்ந்தது. வீட்டுக்காரர் விழித்து, என்னவென்று தெரியாமலே கதவைத் திறந்துவிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் சிறுத்தை. அவர் அலறியதும் அது நாயை விட்டுவிட்டு உண்ணிப்புதருக்குள் போனது. இதில் ஊர் திரும்பத் திரும்பப் பேசியது நாய் பிழைத்ததைப் பற்றி. என் கவனத்தில் நின்றது வேறு. கதவைத் திறந்தவரின் பின்னால் அவருடைய ஐந்து வயது மகள் நின்றிருந்தாள். வீட்டைக் காக்கக் கட்டிய நாய், சிறுத்தையைக் குழந்தை தூங்கும் அறையின் வாசல்வரை கொண்டுவந்திருந்தது. பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

காயமும் அதைத் தொட்ட கைகளும்

விடியற்காலையில் நாயைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கழுத்தின் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு துளைகள், முடிக்குள் மறைந்திருந்தன. "பல்லுதான் பட்டிருக்கு டாக்டர், சின்னக் காயம்" என்றார் வீட்டுக்காரர். பூனைக் குடும்பத்து விலங்குகளின் கடியில் ஏமாற்றுவதே இந்தச் சிறிய துளைதான். கோரைப்பல் ஆழமாக இறங்கி, உள்ளே தசையைக் கிழித்து, வாயிலுள்ள கிருமிகளை அடியில் விட்டுவிட்டு வெளியேறும். மேல்தோல் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும். சீழ் உள்ளேயே தேங்கும். துளைகளை இறுக்கித் தைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நாயின் ஈறு வெளுத்திருந்தது, அதிர்ச்சி நிலை. கழுத்துத் தோலை அழுத்தினால் உள்ளே காற்று நொறுநொறுத்தது. மூச்சுக்குழாயில் சிறு கசிவு இருக்கிறது என்று பொருள். நரம்புவழித் திரவம், வலி நிவாரணி, நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுத்து, முடியை மழித்து, உப்புநீரால் ஒவ்வொரு துளையையும் அடிவரை கழுவி, செத்த தசையை அகற்றி, வடிவதற்காகத் திறந்தே விட்டேன். கசிவு பெரிதாக இருந்திருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்கும். அசையவிடாமல் கூண்டில் வைத்ததில் காற்று மெல்லக் குறைந்து அடைபட்டது. கழுத்துப்பட்டையை அதன்பின் மாட்டவில்லை; மார்பைச் சுற்றும் வார் போதும் என்று சொல்லியாயிற்று.

நாயைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது. அந்த நாய்க்கு ரேபீஸ் (வெறிநோய்) தடுப்பூசி ஒருபோதும் போட்டதில்லை. அதைத் தூக்கி வந்த மூன்று பேரின் கைகளிலும் ரத்தமும் எச்சிலும். வீட்டுக்காரரின் உள்ளங்கையில் சங்கிலி அறுத்த புதுக்காயம். "எங்களைச் சிறுத்தை தொடவேயில்லையே, ஊசி எதுக்கு?" என்று கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், பிளந்த தோலில் எச்சில் படுவதும் தோலைத் துளைக்கும் கடியும் ஆபத்து மிகுந்த ஒரே மூன்றாம் வகையில்தான் வருகின்றன. சிறுத்தையின் எச்சில் நாயின் கழுத்தில் இருந்தது. அந்தக் கழுத்தைப் பிடித்த கையில் காயம் இருந்தது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவச் செய்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே வீட்டுக்காரருக்குத் தடுப்பூசியோடு, உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினும் போடப்பட்டது. அறிகுறி தோன்றிவிட்டால் ரேபீஸுக்குச் சிகிச்சை இல்லை என்பதால், சிறுத்தைக்கு நோய் இருந்ததா என்று யோசித்துக்கொண்டிருக்க இங்கே இடமில்லை. நாய்க்கும் தடுப்பூசி தொடங்கி, மற்ற நாய்களோடு சேரவிடாமல் மாதக்கணக்கில் தனியே வைத்துக் கண்காணிக்கச் சொன்னேன். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய கஷ்டமாக இருந்தது.

எந்த விலங்கு என்று உறுதி செய்தது

எட்டாவது நாயைக் கடித்தது சிறுத்தைதான் என்பதைக் கண்ணால் பார்த்தவர் இருந்தார். ஆனால் முன்பு போன ஏழும் அதே கணக்கா என்பது தெரியவில்லை. கழுதைப்புலி என்றார் ஒருவர், செந்நாய் என்றார் இன்னொருவர். செந்நாய் பெரும்பாலும் பகலில் கூட்டமாக வேட்டையாடும். வாசலில் கட்டிய நாயை நள்ளிரவில் தனியே வந்து தூக்காது. கழுதைப்புலியின் தடத்தில் நாயைப்போலவே நகக்குறி விழும். ஓடை மணலிலும் புதர் ஓரத்து ஈரமண்ணிலும் வனக்காப்பாளர் காட்டிய தடங்களில் நகக்குறியே இல்லை. அடிப்பாதத்தின் பின்விளிம்பு மூன்று மடல்களாகப் பிரிந்திருந்தது. பூனைக் குடும்பத்தின் தடம் அது.

வனத்துறையினர் இரண்டு தானியங்கி கேமராக்களைக் கட்டினார்கள். தெரு ஓடையில் இறங்கும் இடத்தில் ஒன்று, கழிவுப் பள்ளத்தின் அருகே ஒன்று. இரண்டாவதை வைக்கச் சொன்னது அங்கிருந்த வேட்டைத் தடுப்புக் காவலர்; படிப்பு குறைவு, காடு நன்றாகத் தெரிந்தவர். மொத்த விஷயத்தையும் திறந்துகாட்டியது அந்தக் கேமராதான்.

படங்களில் இருந்தது ஒரு பெண் சிறுத்தையும் ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்த அதன் குட்டியும். பெரும்பாலான இரவுகளில் அது தெருவுக்கு வரவேயில்லை. நேரே பள்ளத்துக்குத்தான் வந்தது. அங்கே இரவு முழுவதும் நாய்கள், நடுநடுவே நரி, காட்டுப்பன்றி. பள்ளத்தில் நாய் அகப்படாத இரவுகளில் மட்டும், நாய்கள் திரும்பிப் போகும் தடத்திலேயே புதர் வழியாகத் தெருவுக்கு ஏறியிருக்கிறது.

இது இந்த ஊருக்கு மட்டும் உரியதல்ல. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில், காடே இல்லாத விளைநிலங்களுக்கு நடுவே வாழும் சிறுத்தைகளின் மலத்தை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், அவை தின்ற இறைச்சியின் எடையில் 39 சதவீதம் நாயாக இருந்தது; ஆடுமாடுகளைவிட அதிகம். நாய் நிறைய இருக்கும் இடத்தில் சிறுத்தை தங்கி வாழ முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கூண்டு வேண்டும் என்ற கூட்டம்

படங்கள் கைபேசிகளில் பரவியதும் பயம் இரட்டிப்பானது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் கூட்டம் கூடியது. பெரும்பான்மையின் கோரிக்கை ஒன்றுதான்: கூண்டு வைத்துப் பிடித்து எங்காவது கொண்டுபோய் விடுங்கள். சிலர் வெடி போட்டு விரட்டலாம் என்றார்கள். கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேர் தனியாக வந்து, மிச்சமான இரையில் பூச்சிமருந்து கலந்து வைத்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டார்கள். அந்த மருந்தை முதலில் தின்பது பள்ளத்துக்குப் போகும் அவர்கள் வீட்டு நாய்தான், சிறைக்குப் போவது அவர்கள்தான் என்று சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றது. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதைப் பற்றியும் அன்றே பேசி முடித்தோம். இப்படிப் போட்ட கம்பியில் மாட்டி மனிதர்களும் சாகிறார்கள்.

கூண்டுக் கோரிக்கையை அப்படித் தட்டிவிட முடியாது. அதைக் கேட்டவர்கள் முட்டாள்கள் அல்ல, பிள்ளை பெற்றவர்கள். வனவர் இரண்டு காரணங்கள் சொன்னார். முதலாவது சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுத்தை, உச்சப் பாதுகாப்பு பெறும் விலங்குகளின் பட்டியலான அட்டவணை ஒன்றில் இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தானதாக மாறிவிட்டது, அல்லது மீள முடியாதபடி ஊனமோ நோயோ அடைந்துவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணத்தோடு எழுதி அனுமதித்தால்தான் அதைப் பிடிக்கலாம். நாயைத் தின்றது என்பது அந்தக் காரணத்தில் அடங்காது.

இரண்டாவது காரணத்துக்குத்தான் கூட்டம் காது கொடுத்தது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001இலிருந்து சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் சிறுத்தை மனிதரைத் தாக்கியது ஆண்டுக்குச் சராசரியாக 4 முறை. பிடித்து விடத் தொடங்கிய 2001 முதல் 2003 வரை அது 17 ஆக உயர்ந்தது. தாக்குதல்களில் உயிரிழப்பில் முடிந்தவற்றின் பங்கும் 18 சதவீதத்திலிருந்து 36 சதவீதமானது. காரணம் புரிந்துகொள்ள முடியாததல்ல. பழகிய எல்லையிலிருந்து பிடுங்கப்பட்ட விலங்கு, எங்கே தண்ணீர், எங்கே வீடு, எந்த நேரத்தில் மனிதர் நடமாட்டம் என்று ஒன்றும் தெரியாத இடத்தில் அடிபட்டு மிரண்டு அலைகிறது. அது காலிசெய்த எல்லைக்கு இன்னொரு சிறுத்தை வருகிறது. இந்த ஊரிலோ தாயைப் பிடித்தால், வேட்டையில் தேர்ச்சி பெறாத குட்டி தெருவோரம் தனியே நிற்கும்; சுலபமான இரையைத்தான் அது தேடும்.

ஒரு பாட்டி எழுந்தார். "சரிப்பா. சிறுத்தைக்கு எது நல்லதுன்னு சொல்லிட்டீங்க. என் பேரனுக்கு எது நல்லதுன்னு சொல்லுங்க." அதுவரை நடந்த பேச்சிலேயே சரியான கேள்வி அதுதான். அதற்குப் பதிலாகத்தான் எழுத்தில் ஓர் எல்லைக்கோடு போடப்பட்டது. சிறுத்தை பகலில் தெருவுக்குள் வந்து ஆட்களைக் கண்டும் விலகாமல் நின்றாலோ, ஆட்களைப் பின்தொடர்ந்தாலோ, மனிதர் மேல் பாய்ந்தாலோ வனத்துறை அன்றே கூண்டுக்கு அனுமதி கோரும். அதுவரை ஊர் தன் இரவை மாற்றிக்கொள்ளும். கூண்டை ஒரேயடியாக மறுத்திருந்தால் அந்தக் கூட்டத்திலிருந்து வேறு எந்த முடிவும் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஊர் தன் இரவை மாற்றியது

நாயை உள்ளே எடுப்பதுதான் மிகக் கடினமாக இருந்தது. "நாய் உள்ள படுத்தா காவல் யாரு?" என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் வந்தது. நாயின் காவல் அதன் காதிலும் மூக்கிலும் இருக்கிறது. நடுவில் ஒரு சுவர் இருப்பதால் அது குரைக்காமல் இருக்கப்போவதில்லை. சிலர் ஒப்புக்கொண்டு வீட்டுக்குள் விட்டார்கள். நாயை உள்ளே விட மனமில்லாத வீடுகளில் திண்ணையின் ஒரு மூலையைக் கம்பிவலையால் நாலு பக்கமும் மேலேயும் அடைத்தார்கள். விறகுக் கொட்டகைக்குக் கதவு வைத்தவர்களும் உண்டு. விதி ஒன்றுதான்: பொழுது சாய்ந்தபின் எந்த நாயும் திறந்தவெளியில் சங்கிலியில் நிற்கக்கூடாது. ஆணி பதித்த கழுத்துப்பட்டையைப் பற்றியும் கேட்டார்கள். இமயமலை மேய்ப்பர்கள் மந்தையோடு அவிழ்த்துவிடும் பெரிய நாய்களுக்கு அகலமான இரும்புப் பட்டை கட்டுகிறார்கள். சுற்றிச் சுழன்று எதிர்க்கும் நாய்க்கு அது உதவும். கட்டிப்போட்ட நாய்க்கு அதை மாட்டினால் சிறுத்தை கடிக்கும் இடம்தான் மாறும்.

ஆளில்லா நாய்கள் தனிச் சிக்கல். 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சி அமைப்பின் மூலம் கருத்தடையும் தடுப்பூசியும் ஏற்பாடாயிற்று. அந்த முகாமில் ரேபீஸோடு, டிஸ்டெம்பர் என்ற நாய்களின் வைரஸ் நோய்க்கான தடுப்பூசியையும் சேர்க்கச் சொன்னேன். அது நாய்க்காக மட்டுமல்ல. 1994இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் டிஸ்டெம்பர் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்தது; அந்த வைரஸ் சுற்றுப்புறத்து ஊர்நாய்களிடமிருந்து போனது என்றே கருதப்படுகிறது. மூளையைத் தாக்கும் நோய் அது. தள்ளாடிக்கொண்டு மனித பயம் இழந்து தெருவுக்குள் வரும் ஒரு சிறுத்தையை எந்த ஊரும் விரும்பாது.

ஆட்டுப்பட்டிகளில் சுவரை உயர்த்துவதில் ஊர் ஆர்வம் காட்டியது. சிறுத்தை மரமேறும் விலங்கு. கூரை இல்லாத பட்டிக்கு எட்டடிச் சுவரும் போதாது. எனவே இருக்கும் சுவருக்கு மேலே வலையைப் போர்த்தி ஓரங்களை இறுக்கினோம். பாதம் நுழையாத அளவு கண்ணி, கதவின் அடி இடைவெளிக்கு ஒரு கல், முட்டினால் திறக்காத தாழ்ப்பாள். வலை வாங்கும் செலவைவிடத் தாழ்ப்பாளை ஒவ்வொரு மாலையும் போடவைப்பதுதான் பெரும்பாடு. அடைபட்ட பட்டிக்குள் சிறுத்தை இறங்கிவிட்டால் ஓர் ஆட்டோடு நிற்காது. மிரண்டு ஓடுகிற எல்லாவற்றையும் கடித்துப்போடும்.

பண்ணைக்காரர் முதலில் பிடி கொடுக்கவில்லை. பள்ளத்துக் கேமராப் படங்களைக் காட்டியபின், சுண்ணாம்பு போட்டு மூடும் குழி வெட்டச் சம்மதித்தார். உண்ணிச்செடி நிலத்தின் சொந்தக்காரரிடம் கைபேசியில் பேசி, தெருவை ஒட்டிய ஐம்பதடி அகலத்தை வெட்டிச் சுத்தம் செய்தார்கள்.

விளக்கைப் பற்றி எதிர்பார்ப்பு அதிகமாக இருந்தது. விட்டுவிட்டு மின்னும் விளக்குகள், பூமா என்ற அமெரிக்கக் கண்டத்துப் பெரிய பூனை அல்பாக்கா, லாமா போன்ற வளர்ப்பு விலங்குகளைத் தாக்குவதைக் குறைத்ததாகச் சிலி நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று 2019இல் காட்டியது. அதே ஆய்வில் அங்குள்ள நரிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. நிலையாக எரியும் விளக்குக்கு எந்த விலங்கும் சீக்கிரம் பழகிவிடும். ஆகவே கழிப்பறைப் பாதைகளில் விளக்கு வைத்ததன் நோக்கம் சிறுத்தையை விரட்டுவதல்ல, வெளியே காலெடுத்து வைக்கும் ஆள் பாதையைப் பார்ப்பது. இரவில் கழிப்பறைக்குப் போகும் குழந்தையோடு ஒரு பெரியவர் போவது, கதவைத் திறக்குமுன் டார்ச் அடித்துப் பார்ப்பது, சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்பது ஆகியவையே உண்மையான பாதுகாப்பு.

பள்ளியில் வனக்காப்பாளர் பிள்ளைகளுக்கு நடித்தே காட்டினார். சிறுத்தையைக் கண்டால் ஓடாதே, ஓடுவது இரை. குனியாதே, உட்காராதே, குனிந்தால் நீ ஆட்டின் உயரம். நிமிர்ந்து நின்று கத்து, முகத்தை அதன் பக்கமே வைத்துப் பின்னால் நட, சின்னவர்களைத் தூக்கிக்கொள். பெரியவர்களுக்குச் சொன்னது வேறு: அது புதருக்குள் இருப்பது தெரிந்தால் கூட்டம் கூடாதீர்கள். தப்பிக்கும் வழியை ஆட்கள் அடைக்கும்போதுதான் சிறுத்தை திரும்பிப் பாய்கிறது. வெடி வேண்டாம் என்றதும் இதனால்தான். விரட்டினால் அது எந்த வீட்டுக்குள் புகும் என்பது நம் கையில் இல்லை.

பின் நடந்தவை

முதல் சில வாரங்கள் சிறுத்தை முன்பைவிட அதிகமாகவே தெருவுக்கு வந்தது. பள்ளத்தில் கழிவு இல்லை, நாயும் இல்லை, தேடி வந்திருக்கிறது. ஒரு பட்டியின் வலையில் நகக் கீறல், ஒரு திண்ணை அடைப்பின் கம்பி உள்நோக்கி வளைந்திருந்தது. ஊர் பதறியது. இது எதிர்பார்த்ததுதான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தபடியால் யாரும் மருந்தைக் கையில் எடுக்கவில்லை. அதன்பின் தெருமுனைக் கேமராவில் படங்கள் குறைந்தன, ஓடைப்பக்கம் தொடர்ந்தன. சிறுத்தை போய்விடவில்லை, ஊருக்கு வெளியே நடக்கிறது.

ஓராண்டு முடிவில் கணக்கு இது. மனிதர் எவருக்கும் காயமில்லை. வீட்டு நாய்கள் இரண்டு போயின. ஒன்று, விருந்தாளிகள் வந்திருந்த இரவில் இடமில்லை என்று வெளியே கட்டப்பட்டது. மற்றொன்று, கடைசிவரை ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாத வீட்டின் நாய். கூரை போடாத பட்டி ஒன்றில் ஆட்டுக்குட்டி ஒன்று போனது. அந்தக் குட்டியின் உடலை அசைக்காமல் வைத்து வனத்துறைக்குச் சொன்னதால் இழப்பீட்டு விண்ணப்பத்தில் சிக்கல் வரவில்லை.

நேருக்கு நேர் சந்திப்பு ஒன்று நடந்தது. பொழுது மங்கிய நேரத்தில் ஒரு பெண்ணும் அவருடைய பதின்வயது மகனும் கொல்லைக்குப் போனபோது, கழிப்பறைச் சுவரின் ஓரம் சிறுத்தை. மகன் ஓடத் திரும்பியிருக்கிறான். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, டார்ச்சை அதன் முகத்தில் அடித்தபடி பெருங்குரலில் திட்டியிருக்கிறார். என்ன திட்டினார் என்பதை ஊர் இன்னும் சிரித்துச் சொல்கிறது. இங்கே எழுத முடியாது. சிறுத்தை வேலியைத் தாண்டிப் போனது. ஆட்களைக் கண்டு விலகியதால் எல்லைக்கோட்டைத் தாண்டாத நிகழ்வாகவே அது பதிவேட்டில் ஏறியது.

அடுத்த மழையில் பண்ணைக்குழி நீர் நிரம்பி மிதந்தது. கழிவு மறுபடி பள்ளத்துக்குப் போனது. ஒரே வாரத்தில் நாய்களும் அங்கே போகத் தொடங்கின, கேமராவில் சிறுத்தையும் வந்தது. காரணம் எது என்பதில் மிச்சமிருந்த சந்தேகமும் அதோடு தீர்ந்தது. குழியை மேட்டில் மாற்றி வெட்டி, மேலே தகரம் போட்டார்கள்.

கடிபட்ட நாய் நலம். கண்காணிப்புக் காலம் முடிந்து வீட்டுக்குள் படுக்கிறது. இருட்டினால் வெளியே கூப்பிட்டாலும் வருவதில்லை என்கிறார்கள். குட்டிச் சிறுத்தை கோடைக்குப் பிறகு படங்களில் இல்லை. தனி எல்லை தேடிப் பிரிந்திருக்க வேண்டும்.

இதேபோன்ற இடத்தில் மாற்றிச் செய்ய வேண்டியவை

கழிவைத்தான் முதலில் தொட வேண்டும். இங்கே நாய், பட்டி, விளக்கு என்று போய்க் கடைசியில் பண்ணைக்கு வந்தோம். காரணம், வீட்டுக்குள் செய்வதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. வரிசை தலைகீழாக இருந்தால் அந்த முதல் வாரங்களின் பதற்றம் குறைந்திருக்கும்.

கூண்டு எப்போது, எப்போது இல்லை என்ற எல்லைக்கோட்டை, பயம் உச்சத்தில் இருக்கும்போது அல்லாமல், முதல் தடம் தெரிந்த வாரமே எழுதிவிடலாம். காணாமல் போகும் நாய்க்கும் ஒரு பதிவேடு தேவை. ஆடு போனால் எழுதுகிறார்கள், நாய் போனால் எழுதுவதில்லை. ஏழு நாய்களின் தேதியும் இடமும் அன்றன்றே எழுதப்பட்டிருந்தால், மூன்றாவது நாயோடு பள்ளத்தின் மேல் கண் போயிருக்கும். காட்டோர ஊர்களில் நாய்த் தடுப்பூசி முகாமை ஆண்டுதோறும் மழைக்கு முன் நடத்துவதும் இந்த வரிசையில் சேரும்.

ஓர் இடம் இன்னும் சரியாகவில்லை. பள்ளி வண்டிக்குப் பிள்ளைகள் காத்திருப்பது தார்ச்சாலை முனையில். குளிர்மாதங்களில் அந்நேரம் நன்றாக விடிந்திருக்காது. நிறுத்தத்தின் பின்னால் இருக்கும் புதர் வேறொருவர் நிலத்தில் இருக்கிறது, அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நிறுத்தத்தை நூறடி தள்ளி வெட்டவெளிக்கு மாற்றும்படி பள்ளிக்கு மனு கொடுக்கப்பட்டுள்ளது. பதில் வரும்வரை முறை வைத்து இரண்டு பெரியவர்கள் பிள்ளைகளோடு நிற்கிறார்கள்.